காசு கட்டிச் சேரும் நிறைகுறைப்புத் திட்டத்தில் சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் ஒரே கணக்கில் கொண்டுவருவது எப்படி: திருகோணமலை வாசகருக்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் நிறை குறைக்க நினைப்பவர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் காசு கட்டுகிறார். ஒன்று ஜிம். சேரும் நாளிலேயே எல்லோருக்கும் கொடுக்கும் அதே டயட் சார்ட்டை அவருக்கும் கொடுத்துவிடுவார்கள். மற்றது சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் ஷேக் விற்பவர் அல்லது வாட்ஸ்அப்பில் சாப்பாட்டுப் பட்டியல் அனுப்புபவர். இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஜிம் ட்ரெயினர் ஒருநாள் தேவையில் 500 கிலோகலோரியைக் கழிக்கிறார். ஷேக்காரர் இராச்சாப்பாட்டை எடுத்துவிட்டு இன்னொரு 500ஐக் கழிக்கிறார். நாளுக்கு 900 கிலோகலோரி சாப்பிட்டுக்கொண்டு கிழமைக்கு ஆறு நாள் பாரம் தூக்குகிற நிலைக்கு வாடிக்கையாளர் வந்துவிடுகிறார். மூன்றாம் கிழமை தலைச்சுற்று, நாலாம் கிழமை கொத்துரொட்டி, ஐந்தாம் கிழமை ஜிம் அட்டை அலுமாரிக்குள். மனவுறுதி இல்லை என்று அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. பிழை கணக்கில் இருக்கிறது, அதைத் திருத்தும் வழி கீழே.

எது எதற்கு உதவும்

நிறையைக் குறைப்பது முதன்மையாகச் சாப்பாடு. குறைந்த நிறை திரும்பி வராமலும், குறைவது தசையாக இல்லாமல் கொழுப்பாக இருக்கவும் உதவுவது உடற்பயிற்சி. 2014இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, இரண்டையும் சேர்த்த திட்டங்களைத் தனித்தனித் திட்டங்களோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது. முதல் 3 முதல் 6 மாதம் வரை, சாப்பாடு மட்டும் மாற்றியவர்களுக்கும் இரண்டையும் செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 12 மாதத்தில் இரண்டையும் செய்தவர்கள் சராசரியாக 1.7 கிலோ கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் 6 கிலோவுக்கு மேல்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்கும். ஜிம்முக்கு மட்டும் காசு கட்டி, வீட்டில் பழையபடி சாப்பிட்டால் தராசு அசையாது. மூன்று மாதப் பெக்கேஜில் உடற்பயிற்சியின் பலன் முழுதாகத் தெரியாது என்பதால் அதை விட்டுவிடவும் கூடாது. அது ஒன்பதாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்குமான முதலீடு. 2002இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் இலக்கு, உடல் நிறையில் 7 வீதமும் கிழமைக்கு 150 நிமிட நடையும் மட்டுமே. அதற்கே நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. வீட்டுக்கு வீடு சீனி வருத்தம் இருக்கிற எங்கள் ஊருக்கு இதைவிட நல்ல இலக்கு தேவையில்லை.

படி 1: சேருவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்

நிறை, உயரம், இடுப்புச் சுற்றளவு மூன்றும் வேண்டும். இடுப்பை அளக்கும்போது சாரமோ பாவாடையோ கட்டும் இடத்தில் நாடாவை வைக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளவெடுங்கள். தெற்காசியரான எங்களுக்கு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எச்சரிக்கைக் கோடு. உடற்திணிவுச் சுட்டி (BMI: கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வருவது) 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது. சில ஜிம்களில் சுவரில் தொங்கும் அட்டவணை ஐரோப்பியருக்கான 25, 30 என்ற எல்லைகளைக் காட்டும். அதைப் பார்த்து ஆறுதலடைய வேண்டாம்.

பிறகு பிரஷர், வெறுவயிற்றுச் சீனி, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் என்ற இரத்தச் சோதனை. 35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்த ஆரோக்கிய வாழ்க்கை மையங்களில் நிறை, பிரஷர், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம். கிரியற்றினினைத் தவறவிடாதீர்கள். ஷேக்கோ புரத மாவோ எடுக்கப்போகும் எல்லோருக்கும் இது பொருந்தும். மாவட்டத்தின் வடமத்திய மாகாண எல்லையை ஒட்டிய பகுதிகளில் வாழ்பவர்களும் வாழ்ந்தவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்களில் சிறுநீரக நோய் சத்தமில்லாமல் இருக்கும், பாதிப்பு உள்ளவருக்குக் கூடுதல் புரதம் ஏற்றதல்ல.

மருந்து எடுப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், டொல்பியூற்றமைட் போன்ற சீனிக் குளிசைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சோற்றையும் குறைத்து, நடையையும் கூட்டினால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தளவைச் சரிசெய்யவேண்டியவர் உங்கள் வைத்தியர், ட்ரெயினர் அல்ல. மெட்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. நடுக்கம், குளிர்வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் வந்தால் உடனே நிற்கவேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் பார்த்திருங்கள். குறையாவிட்டால் திரும்பவும் அதே அளவு. சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். கடற்கரையில் நடக்கப் போகும்போது ஒரு சிறிய பொட்டலம் சீனி சட்டைப் பையில் இருக்கட்டும். பிரஷருக்கு நீர் போகும் குளிசை எடுப்பவர்களுக்கு வெயிலில் தலைச்சுற்று சீக்கிரம் வரும்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் எந்தப் பெக்கேஜிலும் சேரவேண்டாம். நெஞ்சுவலி, நடக்கும்போது மூச்சுத்திணறல் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் போகட்டும்.

படி 2: காசு கட்டுவதற்கு முன் கேட்கவேண்டியவை

முதற்கேள்வி: “என் ஒருநாள் அளவு எத்தனை கிலோகலோரி? அதை எப்படிக் கணக்கிட்டீர்கள்? அதில் உடற்பயிற்சி சேர்ந்திருக்கிறதா?” இதற்கு எண்ணோடு பதில் வராவிட்டால், உங்கள் கையில் இருப்பது எல்லோருக்கும் கொடுக்கும் பொதுத்தாள். அடுத்து, கிழமைக்கு எத்தனை முறை உங்கள் நிறையையும் சாப்பாட்டுக் குறிப்பையும் பார்த்துப் பேசுவார்கள் என்று கேளுங்கள். நாங்கள் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். பிரித்தானியா, ஜேர்மனி, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் 772 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஒரு சோதனையில், வைத்தியர்கள் வெயிட் வொச்சர்ஸ் என்ற நிறைகுறைப்புத் திட்டத்தின் கூட்டங்களுக்கு அனுப்பியவர்கள் 12 மாதத்தில் சராசரியாக 5 கிலோவளவு குறைத்தார்கள். வழக்கமான வைத்திய ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் குறைத்தது 2.25 கிலோ. அந்தத் திட்டத்தில் இரகசிய மாவோ இயந்திரமோ இல்லை. கிழமைக்கொரு கூட்டம், நிறை பார்த்தல், சாப்பாட்டுக்கும் அசைவுக்கும் ஒரே புள்ளிக் கணக்கு, இவ்வளவுதான். அந்தத் தொடர்ச்சியைத் தராத பெக்கேஜ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலை கூடியது.

“மாதம் 10 கிலோ உறுதி” என்று சொன்னால் எழுந்து வாருங்கள். கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு ஏறுகிறது. நாளுக்கு 800 கிலோகலோரிக்குக் கீழான சாப்பாடு வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே. “கொழுப்பு கரைக்கும்” குளிசை அல்லது மூலிகைக் கப்ஸ்யூல் தந்தால், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இதயத்துக்குக் கெடுதல் என்று 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட சிபுற்றமின், இன்னமும் இப்படியான “மூலிகை” மருந்துகளில் மறைந்து வருவது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சோனா பெல்ட், அதிரும் பலகை போன்றவற்றால் குறைவது வியர்வை மட்டும். ஒரு போத்தல் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

படி 3: ஒரே ஒரு எண்

உதாரணத்துக்கு 40 வயது, 158 சென்ரிமீற்றர் உயரம், 75 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணை எடுப்போம். கணக்கு இப்படி: 10 × நிறை, கூட்டல் 6.25 × உயரம், கழித்தல் 5 × வயது, பெண்ணானால் இன்னும் 161 கழிக்கவேண்டும், ஆணானால் 5 கூட்டவேண்டும். 750 + 987 − 200 − 161 = 1,376. இது படுத்திருந்தாலும் உடல் எரிக்கும் சக்தி. வீட்டு வேலை, அலுவலக வேலைக்காக இதை 1.4 ஆல் பெருக்கினால் 1,925 வரும். அதில் சாப்பாட்டிலிருந்து 450 முதல் 500 வரை கழியுங்கள். கிடைப்பது 1,450. இதுதான் அவருடைய எண். உங்கள் நிறை, உயரம், வயதைப் போட்டு உங்கள் எண்ணை எடுங்கள்.

இங்கேதான் திட்டங்கள் பெரும்பாலும் பிழைக்கின்றன. சில ட்ரெயினர்கள் “நீங்கள் ஜிம்முக்கு வருகிறவர்” என்று 1.55 ஆல் பெருக்குவார்கள். அப்போது 2,130 வரும். பிறகு கைக்கடிகாரம் “இன்றைக்கு 400 எரித்தீர்கள்” என்று காட்டும், அதற்கும் சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். ஒரே உடற்பயிற்சியை இரண்டு தரம் எண்ணியாகிவிட்டது, நிறை அசையாது. தொடக்கத்தில் சொன்ன ஜிம்மும் ஷேக்கும் இதற்கு எதிர்ப்பக்கப் பிழை: ஒரே கழிப்பை இரண்டு தரம் செய்வது. இரண்டுக்கும் ஒரே மருந்து: பெருக்கல் எண்ணை 1.4இல் வைத்திருங்கள், உடற்பயிற்சியில் எரிந்ததைச் சாப்பாட்டோடு சேர்க்கவேண்டாம், இரண்டு இடத்தில் காசு கட்டியிருந்தாலும் சாப்பாட்டு எண்ணைச் சொல்லும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். மற்றவரிடம் அந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எரியும் அளவைப் பற்றியும் ஏமாறக்கூடாது. 75 கிலோ உள்ளவர் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணி நடந்தால், சும்மா இருந்தாலும் எரியும் பங்கைக் கழித்தபின் 95 கிலோகலோரியளவுதான் மிஞ்சும். இரண்டு மேசைக்கரண்டி பால்மாவும் மூன்று தேக்கரண்டி சீனியும் போட்ட ஒரு பால்தேத்தண்ணி அதைவிடக் கூட, 130 வரும். நடை வீண் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நடை முடிந்த கையோடு கடையில் குடிக்கும் தேத்தண்ணிதான் அதை வீணாக்குகிறது.

படி 4: எங்கள் சட்டியிலிருந்தே 1,450

பெரும்பாலான சார்ட்டுகளில் ஓட்ஸ், புரோக்கோலி, கோழி நெஞ்சிறைச்சி என்று இருக்கும். மீன்சந்தை பக்கத்தில் இருக்கிற ஊரில் இது தேவையற்ற செலவு. நூறு கிராம் சூரையிலோ பாரையிலோ 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கீரிமீன், சாளை இன்னும் மலிவு, நல்ல கொழுப்பும் உண்டு. கருவாட்டைத் தினசரிப் புரதமாக வைக்காதீர்கள். அதிலுள்ள உப்பு பிரஷரையும் ஏற்றும், உடலில் தண்ணீரைப் பிடித்துத் தராசையும் குழப்பும்.

எங்கள் சாப்பாட்டில் கணக்கைத் தப்பவைப்பவை மூன்று: சோற்றின் அளவு, தேங்காய், எண்ணெய். அவித்த சோறு 100 கிராமுக்கு 130 கிலோகலோரி. ஒரு தேநீர்க் கோப்பை நிரம்ப அழுத்தாமல் எடுத்தால் 170 கிராமளவு வரும், அதாவது 220. கோப்பையால் அளந்து பழகுங்கள், அகப்பைக் கணக்கு நம்பக்கூடியதல்ல. தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கிலோகலோரி. எண்ணெய் ஒரு தேக்கரண்டி 40, ஒரு மேசைக்கரண்டி 120. வெந்தயக்குழம்புக்கும் பொரியலுக்கும் போத்தலிலிருந்து நேரே ஊற்றினால் ஒருவர் பங்கிலேயே 200 ஏறிவிடும். ஆளுக்கு நாளுக்கு மூன்று தேக்கரண்டி என்று காலையிலேயே ஒரு சிறிய போத்தலில் அளந்து வைத்துவிடுங்கள். சொதிக்குத் தலைப்பாலை விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால். சுவை குறைந்தால் தேசிக்காயைக் கொஞ்சம் கூட விடலாம்.

ஒரு நாள் இப்படி இருக்கலாம். காலை நடைக்கு முன் சீனியில்லாத பிளேன்டீ. நடை முடிந்து நாலு இடியப்பம், அவித்த முட்டை இரண்டு, தண்ணியாக ஒரு சொதி. பத்தரைக்கு அவித்த கடலையோ கௌப்பியோ அரைக் கோப்பை, தாளிக்காமல். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை, 120 கிராம் மீன் குழம்பு, பருப்பு நாலு மேசைக்கரண்டி, முருங்கையிலை வறை அல்லது வல்லாரைச் சம்பல், இன்னுமொரு மரக்கறி. சாப்பாட்டுத் தட்டில் பாதி மரக்கறியாகத் தெரியவேண்டும். நாலு மணிக்குக் கொழுப்பகற்றிய பால்மாவில் சீனியில்லாத தேத்தண்ணியும் ஒரு கொய்யாவும். இரவு ஏழரைக்குள் ஒரு குரக்கன் ரொட்டி அல்லது இரண்டு துண்டு பாண், 80 கிராம் மீன் அல்லது கோழி, ஒரு மரக்கறி. மொத்தம் 1,450ஐ அண்டி வரும், புரதம் 80 முதல் 90 கிராம். இலக்கு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதம் என்பது நல்ல அளவு. 65 கிலோவை நோக்கிப் போகிறவருக்கு அது 80 கிராமுக்குச் சற்றுக் குறைவு.

ஷேக் வாங்கியே ஆகவேண்டும் என்றால் ஒரு நேரத்துக்கு மட்டும் வைத்து, லேபிளில் ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். 15 கிராமுக்குக் குறைவானது ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஈடாகாது. இரண்டு முட்டை, ஒரு கோப்பைத் தயிர், ஒரு பழம் அதே வேலையைச் செய்யும். மென்பானம் வாங்கும்போது போத்தலிலுள்ள நிறப்புள்ளியைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள். மஞ்சளும் பாதுகாப்பு அல்ல. 10 கிராம் சீனியுள்ள பானம் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம் சீனி உள்ளே போய்விட்டது.

முழுக் கொத்து ஒன்று இந்த நாளளவின் பாதியைச் சுலபமாகத் தாண்டும். இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்து, கூட ஒரு மரக்கறி எடுத்தால் தாங்கும்.

படி 5: பன்னிரண்டு கிழமை

சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் ஒரே திங்கட்கிழமை தொடங்குவதுதான் வழக்கம். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். பசியும் உடம்புநோவும் ஒன்றாக வந்தால் எது எதனால் என்று தெரியாது, இரண்டையும் சேர்த்தே விட்டுவிடுவார்கள்.

முதல் இரண்டு கிழமை சாப்பாட்டுக்கு. முதல் மூன்று நாள் ஒன்றையும் மாற்றாமல், சாப்பிடுவதை எல்லாம் தேத்தண்ணிச் சீனி உட்பட எழுதுங்கள். நாலாம் நாளிலிருந்து மேலே சொன்ன அளவுகள். உடற்பயிற்சியாக மத்தியானமும் இரவும் சாப்பிட்டபின் 10 நிமிட மெது நடை மட்டும். சாப்பாட்டுக்குப்பின் சீனி ஏறுவதை அது மட்டுப்படுத்தும். இந்தக் கட்டத்தில் ஜிம்மில் ஏற்கெனவே காசு கட்டியிருந்தால் போய் இயந்திரங்களைப் பழகுங்கள், பாரம் வேண்டாம்.

முதற்கிழமை ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தால் துள்ளிக் குதிக்கவேண்டாம். உடலில் சேமித்த மாச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராமுக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோறு குறைந்ததும் அந்தத் தண்ணீர் வெளியேறும். “ஏழு நாளில் மூன்று கிலோ” விளம்பரங்கள் எல்லாம் இந்தத் தண்ணீரைக் காட்டித்தான் விற்கின்றன.

மூன்றாம், நாலாம் கிழமைகளில் நடை. கிழமைக்கு ஐந்து நாள், 20 நிமிடத்தில் தொடங்கி 30 வரை. வேகத்துக்கு அளவுகோல்: பேசமுடியவேண்டும், பாடமுடியக்கூடாது. சித்திரை முதல் புரட்டாதி வரை ஏழரை மணிக்கே வெயில் சுடும், கச்சான் காற்றும் உலர்த்தும். ஐந்தேகாலுக்கு இறங்கி ஆறேகாலுக்கு முடிப்பது நல்லது. முடியாதவர்கள் மாலை ஐந்தரைக்குப் பின். உட்துறைமுக வீதி சமதரை, தொடக்கக்காரருக்கு ஏற்றது. டச்சுக் குடாவிலும் உப்புவெளியிலும் மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையைவிட நன்றாகவே கூடுதல் சக்தி வேண்டும். ஆனால் கரை ஒருபக்கம் சரிந்திருப்பதால் ஒரே திசையில் வெகுதூரம் நடந்தால் ஒரு முழங்கால் மட்டும் நோகும். ஈரமான இறுகிய மணலில் போய், அதே வழியில் திரும்புங்கள். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோவில் ஏற்றம் நாலாம் கிழமைக்குப் பிறகு. மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் நோவு தரும் என்பதால் இறங்கும்போது சிறிய அடிகளாக வையுங்கள்.

ஐந்து முதல் எட்டாம் கிழமை வரை பாரப்பயிற்சி சேர்கிறது. கிழமைக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. சாப்பாடு குறைந்திருக்கும்போது தசையைக் காப்பாற்றுவது இதுதான். பெண்கள் “உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும்” என்று இதை ஒதுக்குவதால்தான் நிறை குறைந்தும் உடல் தளர்ந்து, படி ஏறவே களைக்கிறது. ஜிம்மில் என்றால் கால் அழுத்தம், நெஞ்சுத் தள்ளல், முதுகு இழுப்பு, தோள் தள்ளல், தொடைப்பின் மடிப்பு, வயிற்றுத் தாங்கல் ஆகிய ஆறும் போதும். வீட்டில் என்றால் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புதல், சுவரில் தண்டால், ஐந்து லீற்றர் தண்ணீர்க் கேனைக் குனிந்து இழுத்தல், மல்லாக்கப் படுத்து இடுப்பை உயர்த்தல், வாசற்படி ஏறி இறங்குதல், இரண்டு கையிலும் கேனோடு நடத்தல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தரம், இரண்டு சுற்று. கடைசியில் இன்னும் இரண்டு மூன்று தரம் செய்யலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். இரண்டு சுற்றிலும் 12 சுலபமாக வந்தால் பாரத்தைச் சற்றுக் கூட்டி 8இல் திரும்பத் தொடங்குங்கள். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள், பிரஷர் திடீரென ஏறும்.

ஒன்பது முதல் பன்னிரண்டாம் கிழமை வரை நடையைக் கிழமைக்கு 200 நிமிடமளவுக்கு உயர்த்துங்கள். திட்டம் முடிந்தபின் நிறையைப் பிடித்து வைக்க 200 முதல் 300 நிமிடம் தேவைப்படும் என்பதால் இப்போதே அந்தப் பக்கம் நகரவேண்டும். ஒரே மூச்சில் தேவையில்லை. மூன்று பத்து நிமிடமும் அரை மணிதான்.

ஐப்பசிக்குப் பிறகு மழையும் வாடையும். நடைக்காரரில் பாதிப்பேர் காணாமற்போவது இந்தக் காலத்தில்தான். சேர்ந்த அன்றே ட்ரெயினரிடம் மழைநாள் அட்டவணை கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வீட்டு விறாந்தையில் படி ஏறல் 5 நிமிடம், நின்ற இடத்தில் முழங்கால் தூக்கி நடை 5 நிமிடம், மேலே சொன்ன வீட்டுப் பயிற்சி ஒரு சுற்று. இருபது நிமிடத்தில் முடியும். இந்தக் காலத்தில் கடலில் இறங்கவேண்டாம். அமைதியான மாதங்களில் இடுப்பளவு நீரில் நடப்பது முழங்கால் நோவுள்ளவருக்கு அருமையான பயிற்சி.

தண்ணீர்: புறப்படுமுன் இரண்டு கிளாஸ். ஒரு மணிக்குள் முடியும் நடைக்கு ஜீவனியோ விளையாட்டுப் பானமோ தேவையில்லை. செவ்விளநீர் ஒன்று 50, 60 கிலோகலோரி, அதைப் பழத்துக்குப் பதிலாக எண்ணிக்கொள்ளுங்கள்.

தராசு நின்றுவிட்டால்

ஒவ்வொரு நாளும் காலையில் கழிவறை போய்வந்து, ஒன்றும் குடிக்காமல், அதே தராசில் நிறை பாருங்கள். ஒருநாள் எண்ணைப் பார்க்காமல் கிழமைச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். நல்ல வேகம் கிழமைக்கு அரைக் கிலோ. 75 கிலோ உள்ளவருக்கு 12 கிழமையில் நாலு முதல் ஆறு கிலோ குறைந்தால் திட்டம் வேலை செய்திருக்கிறது.

ஐந்தாம் கிழமை பாரம் தூக்கத் தொடங்கியதும் தராசு ஒன்றிரண்டு கிழமை நிற்கலாம், ஏறவும் கூடும். பழகாத தசை ஆறும்போது தண்ணீர் பிடிக்கும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் அப்படித்தான். இடுப்பு நாடா குறைந்துகொண்டிருந்தால் ஒன்றையும் மாற்றவேண்டாம். பலர் இந்த நேரத்தில் பயந்து சோற்றை முற்றாக விட்டுவிடுகிறார்கள், பிறகு பாரம் தூக்கச் சக்தி இல்லாமல் ஜிம்மையும் விடுகிறார்கள்.

நிறையும் நாடாவும் மூன்று கிழமை அசையாவிட்டால் இந்த ஒழுங்கில் தேடுங்கள். முதலில் ஐந்து நாள் திரும்பவும் எல்லாவற்றையும் எழுதி, சோற்றைக் கோப்பையாலும் எண்ணெயைக் கரண்டியாலும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே அகப்படும். அடுத்தது அசைவு: காலையில் ஒரு மணி ஜிம் போனவர், களைப்பில் மிச்ச நாள் முழுக்கக் கதிரையில் இருப்பார், கடைக்கும் ஆட்டோ. போனில் காலடி எண்ணிக்கை பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, நிறை குறையக் குறையத் தேவையும் குறையும். ஐந்து கிலோ குறைந்ததும் படி 3ஐப் புதிய நிறையோடு திரும்பச் செய்யுங்கள். இவ்வளவும் சரியென்றால் தைரொயிட் சோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

நோன்பும் திருவிழாவும்

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் உள்ளவர்கள் ரமழான் மாதத்தில் நிறை குறைக்கப் பார்க்காமல், இருப்பதைக் காப்பதே போதும். நோன்பு திறப்பதற்கு முந்திய 20 நிமிடம் மெது நடை, பாரப்பயிற்சி நோன்பு திறந்து ஒன்றரை மணிக்குப் பிறகு. ஈச்சம்பழம், கஞ்சியோடு பொரித்த பண்டம் ஒன்று என்று நிறுத்தி, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு முட்டையோ மீனோ கட்டாயம் வையுங்கள். சீனிக் குளிசை, இன்சுலின் எடுப்பவர்கள் நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் நேரமாற்றம் பேசவேண்டும்.

வெள்ளி, கந்தசஷ்டி விரதகாரருக்கு வரும் சிக்கல் வேறு. மச்சம் இல்லாத நாளில் புரதம் பாதியாகிவிடும், வயிறு நிரம்பச் சோறும் வடை பாயாசமும் ஏறும். அன்றைக்குப் பருப்பை இரட்டிப்பாக்கி, தயிர், பயறு, சோயா சேருங்கள். முழுப் பட்டினி இருக்கும் நாளில் பாரப்பயிற்சி வேண்டாம்.

கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிழமையில் ஒரு நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். அதற்குத் தண்டனையாக மறுநாள் இரண்டு மணி ட்ரெட்மில்லில் ஓடுவது முழங்காலைக் கெடுக்கும், அடுத்த பந்தியையும் தடுக்காது.

பெக்கேஜ் முடிந்த பிறகு

பன்னிரண்டாம் கிழமை முடிவில் பலருக்குத் திட்டத்தோடு கணக்கும் முடிந்துவிடுகிறது. கடைசி நாளுக்கு முன்பே மூன்று தாள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் புதிய நிறைக்கான நாளளவு, பாரப்பயிற்சி அட்டவணை, மழைநாள் அட்டவணை. இன்னும் குறைக்க இருந்தால் உடனே தொடராமல் நாலு கிழமை நிறையைப் பிடித்து வைத்துப் பழகுங்கள். சாப்பாட்டில் கிழமைக்கு 100 கிலோகலோரி என்ற வீதம் கூட்டிக்கொண்டு போனால் எங்கே நிறை நிற்கிறது என்று தெரியும். கூட்டுவதைக் காலைச் சாப்பாட்டில் கூட்டுங்கள், தேத்தண்ணிச் சீனியில் அல்ல.

ஜிம்முக்கு மாதாமாதம் கட்ட முடியாவிட்டால் நிறுத்தலாம், கேன் இரண்டும் வாசற்படியும் வீட்டில் இருக்கின்றன. தராசை மட்டும் விற்காதீர்கள். முடித்த நாளின் நிறையோடு இரண்டு கிலோ கூட்டி அந்த எண்ணைக் கலண்டரில் எழுதி வையுங்கள். கிழமைச் சராசரி அதைத் தொட்டால் அன்றிரவே சாப்பாட்டுக் கொப்பியைத் திறந்து, படி 4இன் அளவுகளுக்கு இரண்டு கிழமை திரும்புங்கள்.